டாக்டர் ‘இனி வண்டி ஓட்டாதீங்க’ என்று சொல்லிவிட்டால்

இரண்டு வருஷத்துக்கு முன்னால், நேராகப் பார்க்கும்போது சுற்றிலும் எவ்வளவு தெரிகிறது என்று சோதிக்கும் ஃபீல்டு டெஸ்ட் தாளை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு டாக்டர் கேட்டார்: “சார், எதுல வந்தீங்க?” கார்ல என்றேன். “திரும்பிப் போகும்போது வேற யாரையாவது ஓட்டச் சொல்லுங்க.” அவ்வளவுதான். முப்பத்தைந்து வருஷம் ஓட்டியவன், அன்றைக்கு மைத்துனருக்கு போன் போட்டுவிட்டு, சொந்தக் காரில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து காத்திருந்தேன்.

எனக்கு இருப்பது குளுக்கோமா, கண் நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுக்கும் நோய். உங்களுக்கு அது வலிப்பாக இருக்கலாம், பக்கவாதமாக இருக்கலாம், நடுக்குவாதமாக இருக்கலாம், சர்க்கரை கெடுத்த விழித்திரையாக இருக்கலாம். காரணம் எதுவானாலும் சாவியைக் கீழே வைத்த மறுநாள் வரும் சிக்கல்கள் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான். நான் இருப்பது நங்கநல்லூர் என்பதால் உதாரணங்கள் சென்னையைச் சுற்றியே இருக்கும். மற்ற ஊர்க்காரர்கள் ரயிலுக்குப் பதில் டவுன் பஸ், மெட்ரோவுக்குப் பதில் ஷேர் ஆட்டோ என்று மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

முதல் வேலை: டாக்டரிடம் சரியான கேள்விகளைக் கேட்பது

அதிர்ச்சியில் தலையாட்டிவிட்டு வெளியே வந்துவிடுவோம். நானும் அப்படித்தான் வந்தேன். இரண்டு வாரம் கழித்து ஒரு துண்டுச் சீட்டில் நான்கு கேள்விகளை எழுதிக்கொண்டு திரும்பப் போனேன்.

ஒன்று, இது நிரந்தரமா, தற்காலிகமா? இது ரொம்ப முக்கியம். கண்புரை என்றால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு திரும்ப ஓட்ட வாய்ப்பு நிறைய உண்டு. குளுக்கோமாவில் போன பார்வை திரும்பாது, சொட்டு மருந்து இருப்பதைக் காப்பாற்ற மட்டும்தான். வலிப்பு வந்தவர்கள், மாத்திரையில் கட்டுப்பட்ட பிறகு எப்போது மறுபடி இதைப் பற்றிப் பேசலாம் என்று நரம்பியல் டாக்டரிடமே கேட்டுத் தேதி குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டு, இரவில் மட்டும் கூடாதா, பகலிலும் கூடாதா? மூன்று, ஸ்கூட்டர், சைக்கிள் எல்லாம் இதில் சேர்த்தியா? (சைக்கிளாவது ஓட்டலாமே என்று நப்பாசையில் கேட்டேன். “சார், அதுல உங்களைச் சுத்தித் தகரம்கூட இல்லையே” என்றார்.) நான்கு, குறைபார்வைப் பிரிவுக்கு ஒரு கடிதம் தர முடியுமா? சென்னை சங்கர நேத்ராலயா, மதுரை அரவிந்த் போன்ற பெரிய கண் மருத்துவமனைகளில் இதற்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. திரும்ப ஓட்ட வைக்க மாட்டார்கள். மிச்சப் பார்வையை வைத்துப் படி இறங்குவது, தெருவைக் கடப்பது, போனைப் படிப்பது எப்படி என்று சொல்லித் தருவார்கள். கண் பிரச்சினை உள்ள பலர் இந்தப் பிரிவு இருப்பதே தெரியாமல் காலம் தள்ளுகிறார்கள்.

“எனக்கு நல்லாத்தானே தெரியுது?”

இந்தச் சந்தேகம் கண்டிப்பாக வரும். எனக்கு வந்தது மட்டுமில்லை, ஒரு மாதம் குடியே இருந்தது. சுவரில் மாட்டிய எழுத்துகளில் கடைசி வரிவரை படிக்கிறேன், பேப்பர் படிக்கிறேன், பிறகு என்ன?

குளுக்கோமாவில் முதலில் தேய்வது பெரும்பாலும் பக்கவாட்டுப் பார்வை. அந்த இடம் கறுப்பாகத் தெரிந்தால் நமக்கே புரிந்துவிடும். ஆனால் அப்படித் தெரியாது. இல்லாத இடத்தை மூளை தானாகவே சாலை, சுவர், வானம் என்று பூசி மெழுகிவிடுகிறது. அதனால் நமக்கு எதுவும் குறைந்ததாகத் தோன்றாது. ஆட்களும் பைக்குகளும் ‘திடீரென்று முளைக்க’ ஆரம்பிப்பார்கள், அவ்வளவுதான். மேடவாக்கம் சாலையில் இடது பக்கம் வந்த ஒரு பையன் என் காரின் பக்கக் கண்ணாடியைத் தட்டிவிட்டுப் போனபோது, இந்தக் காலத்துப் பசங்களுக்கு ரோட்டு மரியாதையே இல்லை என்று வீட்டில் வந்து புலம்பினேன். ஒரே வருஷத்தில் மூன்று பேர் அப்படி ‘முளைத்தார்கள்’. மூன்றும் இடது பக்கம். டெஸ்ட் தாளில் கறுத்துக் கிடந்ததும் இடது பக்கம்தான்.

லைசென்ஸ் இருக்கிறதே என்ற சமாதானமும் உதவாது. லைசென்சுக்கு நாம் கையெழுத்துப் போட்டுத் தரும் படிவம் 1, நல்ல பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தூரத்தில் இருக்கும் வண்டியின் நம்பர் பிளேட் தெரிகிறதா என்று கேட்கிறது. எனக்கு இன்றைக்கும் தெரியும், ஏனென்றால் அது நேர்ப் பார்வை. பிரிட்டனில் கார் ஓட்ட, கிடைமட்டத்தில் குறைந்தது 120 டிகிரி பார்வைப் புலம், அதாவது சுற்றுப் பார்வையின் அகலம், வேண்டும் என்று தனியாக ஒரு விதியே உண்டு. நம் படிவத்திலும் கடைசியில், பொதுமக்களுக்கு ஆபத்தாகக்கூடிய வேறு நோய் ஏதாவது உண்டா என்று ஒரு கேள்வி இருக்கிறது. அதை யாரும் படிப்பதில்லை. நான் மூன்று தடவை ‘இல்லை’ என்று எழுதியிருக்கிறேன்.

உடல் தகுதி இல்லை என்று தெரிந்தே ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டம் 186-ஆம் பிரிவின்படி முதல் முறை 1,000 ரூபாய் வரை அபராதம். அந்த ஆயிரம் பெரிதில்லை. யாரையாவது இடித்துவிட்டால், டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு நம் ஃபைலிலேயே இருக்கும் என்பதுதான் எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது.

இன்னொன்று, குளுக்கோமா குடும்பத்தில் ஓடக்கூடியது. உங்களுக்கு இருந்தால் உடன்பிறந்தவர்களையும் பிள்ளைகளையும் உடனே சோதித்துக்கொள்ளச் சொல்லுங்கள். என் தங்கைக்கு ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தார்கள். அவள் இன்னமும் ஓட்டுகிறாள்.

சாவியை எங்கே வைப்பது

சிரிக்க வேண்டாம், இது நிஜமான படி. வாசல் ஆணியில் சாவி தொங்கும்வரை கை தானாகப் போகும். “பால் பூத் வரைக்கும்தானே” என்று ஒரு நாள் போவோம். ஒன்றும் ஆகாது. அதுதான் ஆபத்து, அடுத்த வாரம் பல்லாவரம் வரை போவோம். இரண்டு சாவிகளையும் வீட்டில் வேறு ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள். நான் மனைவியிடம் கொடுத்தேன். எங்கே வைத்திருந்தாள் என்று இன்றுவரை கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

இரண்டு வாரக் கணக்கு

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தைச் செய்வதென்றால் இதைச் செய்யுங்கள். ஒரு நோட்டில் இரண்டு வாரத்துக்கு, வண்டி இருந்தால் எங்கெல்லாம் போயிருப்பேன் என்று எழுதுங்கள். இடத்தை மட்டும் எழுதினால் போதாது. எதற்காக, எந்த நேரம், அன்றைக்கே போக வேண்டுமா, வேறு யாராவது போனால் ஆகாதா என்று எழுத வேண்டும்.

என் நோட்டில் 23 பயணங்கள் வந்தன. அதில் ஒன்பது, ‘மறந்துபோனதை வாங்க’. கறிவேப்பிலைக்கு ஒரு முறை, ஜெராக்சுக்கு ஒரு முறை, பேட்டரி செல்லுக்கு ஒரு முறை. வண்டி இருந்த காலத்தில் மறதிக்கு விலையே இல்லை, சாவியைத் திருகினால் போதும். இப்போது செவ்வாய், சனி என்று இரண்டு நாள் வைத்து, ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறோம். தாளில் இல்லாத பொருள் வீட்டுக்கு வராது. நடுவில் தீர்ந்தால் தெருமுனைக் கடைக்கு நடை.

மிச்சத்தில் பேங்க் வேலை நான்கு. மூன்று போனிலேயே முடிந்தது. டாக்டர், லேப் இரண்டு. தாம்பரத்தில் அக்கா வீடு இரண்டு. பேத்தியைப் பாட்டு வகுப்பில் விடுவது நான்கு. வியாழக்கிழமை சாயங்காலம் நண்பர்களோடு டீ இரண்டு.

எழுதிப் பார்த்தால் ஒன்று பிடிபடும். பிழைப்புக்கு வேண்டிய பயணங்களுக்கு மாற்று வழி சுலபமாகக் கிடைத்துவிடுகிறது, வீட்டிலும் உடனே ஏற்பாடு செய்துவிடுகிறார்கள். ‘அவசியமில்லாத’ பயணங்கள்தான் சத்தமில்லாமல் உதிர்கின்றன. டாக்டரிடம் போக மூன்று பேர் வண்டி எடுக்கத் தயார். டீ குடிக்கப் போக யாரைக் கேட்பது? அந்த இரண்டு வரிகளை நோட்டில் சிவப்பில் வட்டமிட்டேன். உங்கள் நோட்டில் இருக்கும் அந்த வரிகளுக்குத்தான் முதலில் வழி தேட வேண்டும், லேப் டெஸ்டுக்கு இல்லை.

போக வர என்ன வழி

*ரயிலும் மெட்ரோவும்.* எனக்குப் பழவந்தாங்கல் ஸ்டேஷனும் நங்கநல்லூர் ரோடு மெட்ரோவும் பக்கம், இது அதிர்ஷ்டம். அக்கா வீட்டுக்கு மின்சார ரயில்தான், டிக்கெட் 5 ரூபாயில் ஆரம்பிக்கிறது. இருபது வருஷம் ஜி.எஸ்.டி. ரோட்டில் கிளட்ச் மிதித்த நேரத்தை நினைத்தால் எரிச்சலாக வருகிறது. பார்வை குறைந்தவர்களுக்கு மெட்ரோ கொஞ்சம் இதம். வெளிச்சம் சீராக இருக்கும், தரையில் மஞ்சள் தடப் பட்டை இருக்கும், லிஃப்ட் இருக்கும். மின்சார ரயிலில் காலை, மாலைக் கூட்ட நேரத்தைத் தவிருங்கள். நடைமேடைக்கும் பெட்டிக்கும் உள்ள இடைவெளியைப் பார்வையை மட்டும் நம்பித் தாண்டாதீர்கள். முதலில் கம்பியைப் பிடித்துக்கொண்டு பிறகு காலை வையுங்கள்.

*பஸ்.* 60 வயது முடிந்த சென்னைவாசிகளுக்கு மாநகரப் போக்குவரத்துக் கழகம் மாதம் 10 இலவச டோக்கன் தருகிறது. சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லை. மாற்றுத்திறனாளிகளுக்கும் உடன் வரும் ஒருவருக்கும் இல்லை. போர்டு தெரியாவிட்டால் வெட்கப்படாமல் கேளுங்கள். ஒரே ஒரு திருத்தம்: “இது என்ன பஸ்?” என்று கேட்காமல் “கிண்டி போகுமா?” என்று கேட்டால் பதில் சீக்கிரம் வரும்.

*ஆட்டோ, டாக்சி.* செயலியில் பதிவு செய்வதை வீட்டில் பிள்ளைகளிடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து கற்றுக்கொள்ளுங்கள். “நீ புக் பண்ணிடு” என்று சொல்லிக்கொண்டே இருந்தால், நீங்கள் வெளியே போவது அவர்களுடைய மீட்டிங் நேரத்தைப் பொறுத்ததாகிவிடும். போனில் எழுத்தின் அளவைப் பெரிதாக்குங்கள். நம்பர் பிளேட்டைத் தேடி ரோட்டில் இறங்காதீர்கள். ஒரே இடத்தில் நின்று, டிரைவரை அழைத்து, “மெடிக்கல் ஷாப் வாசல்ல நீலச் சட்டையில நிக்கிறேன் தம்பி” என்று சொல்லிவிடுங்கள். வண்டி வந்ததும் உங்கள் பெயரைச் சொல்லாமல் “யாருக்கு புக்கிங்?” என்று கேட்டு, அவரைச் சொல்ல விடுங்கள். நான் ஒரு முறை அவசரத்தில் வேறு யாரோ புக் செய்த ஆட்டோவில் ஏறி ஆதம்பாக்கம் வரை போயிருக்கிறேன்.

செயலியைத் தவிர, தெரு ஸ்டாண்டில் ஒரு ஆட்டோக்காரரைப் பழக்கம் செய்து வையுங்கள். நமக்குப் பார்வை குறைவு என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ராத்திரி திரும்பும்போது கேட் வரை கொண்டுவந்து விடுவார். பத்து இருபது கூட ஆகும், ஆகட்டும்.

*ஆக்டிங் டிரைவர்.* காரை உடனே விற்க மனமில்லாதவர்களுக்கு இது நல்ல இடைவழி. கல்யாணம், கோயில், வெளியூர் என்றால் நம் காரை ஓட்ட ஆள் வருவார். நான் எட்டு மணி நேரத்துக்கு எண்ணூறு, தொள்ளாயிரம் கொடுத்தேன். வெளியூர் என்றால் பேட்டா தனி. லைசென்ஸைக் கேட்டு வாங்கி, தேதியைப் பார்த்து, போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். நல்ல ஆளாக அமைந்தால் நம்பரை விடாதீர்கள். அப்புறம், பக்கத்து சீட்டில் உட்கார்ந்து “பிரேக், பிரேக்” என்று காலை அமுக்காதீர்கள். என்னிடம் வந்த முதல் தம்பி மறுபடி வரவில்லை. காரணம் நான்தான் என்று மனைவி சொல்கிறாள்.

*மனைவியின் ஸ்கூட்டர்.* இதைப் பேச ஆண்கள் கூச்சப்படுவார்கள், அதனால் நான் சொல்கிறேன். என் மனைவி பத்து வருஷமாக ஸ்கூட்டர் ஓட்டுகிறாள், ஒரு நாளும் நான் பின்னால் உட்கார்ந்ததில்லை. முதல் முறை உட்கார்ந்தபோது தெருவே பார்ப்பதுபோல் இருந்தது. எதிர்வீட்டு மாமி மட்டும், “சார், ஹெல்மெட் எங்கே?” என்று கேட்டார். கேட்டது நியாயம், பின்னால் இருப்பவருக்கும் ஹெல்மெட் கட்டாயம். அன்றைக்கே ஒன்று வாங்கினேன்.

பணக் கணக்கு

ஆட்டோவுக்கு ஒரு தடவை 180 ரூபாய் கொடுக்கும்போது வயிறு எரியும். காருக்குச் செலவழித்தது கண்ணில் பட்டதே இல்லை. ஒரு தாளில் போட்டுப் பார்த்தேன்: மாதம் பெட்ரோல் 3,200, இன்ஷூரன்ஸை மாதக் கணக்காக்கினால் 1,000, சர்வீஸ், டயர், பேட்டரி 1,200. ஆக 5,400. வண்டியின் விலை வருஷா வருஷம் இறங்குவதைச் சேர்க்கவே இல்லை. இப்போது அதே 5,400-ஐ மாதம் பிறந்ததும் ஒரு கவரில் போட்டு ‘வண்டி’ என்று எழுதி வைக்கிறேன். அதிலிருந்து எடுத்துக் கொடுத்தால் வயிறு எரிவதில்லை. பாதி மாதங்களில் மிச்சமும் இருக்கிறது.

வண்டியை விற்பது

அவசரப்பட வேண்டாம், ஆனால் ஒரு வருஷத்துக்கு மேல் நிறுத்தியும் வைக்காதீர்கள். டயரும் பேட்டரியும் சும்மா கிடந்தே கெடும். விற்கும்போது ஒரே ஒரு விஷயத்தில் கறாராக இருங்கள்: பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததோடு வேலை முடியவில்லை, ஆர்.சி. வாங்கியவர் பெயருக்கு மாறிய பிறகுதான் முடிந்தது. பெயர் மாறாத வண்டி விபத்தில் சிக்கினால், இழப்பீட்டுக்குப் பதிவுப் புத்தகத்தில் இருப்பவர்தான் பொறுப்பு என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. வண்டிக் கடன் இருந்திருந்தால், அது தீர்ந்ததைப் பதிவு செய்யும் படிவம் 35-உம் வேண்டும். ஃபாஸ்டேகை மூடச் சொல்ல மறக்காதீர்கள். நான் மறந்தேன், சுங்கச்சாவடிக் குறுஞ்செய்தி மூன்று மாதம் எனக்கு வந்துகொண்டிருந்தது. அந்த கார் எங்கெல்லாம் போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு முறை திண்டிவனம் தாண்டிப் போயிருந்தது.

நோ கிளெய்ம் போனஸ் (இழப்பீடு கேட்காத வருஷங்களுக்காக இன்ஷூரன்ஸ் கட்டணத்தில் கிடைக்கும் தள்ளுபடி) வண்டியோடு போகாது, உங்களுடையது. அதற்கான கடிதத்தை இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் வாங்கி வைத்தால் மூன்று வருஷத்துக்குள் வாங்கும் புது வண்டிக்குப் பயன்படும். மனைவி பெயரில் வாங்குவதாக இருந்தால் உதவாது.

சான்றிதழ்

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில், பார்வைப் புலம் 40 டிகிரிக்குக் கீழே சுருங்கியிருந்தாலே குறைபார்வை என்ற வரையறைக்குள் வரலாம். எழுத்துப் பலகையைப் படிக்க முடிகிறது என்பதற்காக நமக்கு இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். சலுகைகள் பெரும்பாலும் 40 சதவீதம் ஊனம் என்று மருத்துவக் குழு சான்று தந்தால்தான். ஒரு கண் மட்டும் போனவர்களுக்கு 30 சதவீதம்தான் தருவார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். யு.டி.ஐ.டி. எனும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு ஸ்வாவ்லம்பன் இணையதளத்தில் விண்ணப்பித்து அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். சந்தேகம் இருந்தால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்கலாம். ஃபீல்டு டெஸ்ட் தாள்களைப் பழையது, புதியது எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். நான் போன இடத்தில் முதல் நாள், “பார்த்தா நல்லாத்தானே இருக்கீங்க” என்று திருப்பி அனுப்பினார்கள். தாள்களோடு போன இரண்டாம் நாள் உட்காரச் சொன்னார்கள்.

அந்த அட்டையில் என் படத்தைப் பார்க்க எனக்கு ஆறு மாதம் பிடித்தது. உங்களுக்கும் பிடிக்கலாம். விண்ணப்பத்தை அதற்காகத் தள்ளிப்போடாதீர்கள்.

கேட்பது எப்படி

மகனிடம், “முடிஞ்சா ஒரு நாள் என்னைக் கூட்டிட்டுப் போப்பா” என்று சொன்னால் அது நடக்காது. அவன் கெட்டவன் இல்லை, ‘ஒரு நாள்’ என்ற நாள் காலண்டரில் இல்லை. “மாசத்துல ரெண்டாவது ஞாயிறு, காலை ஒன்பது மணிக்கு அத்தை வீடு” என்று சொன்னேன். ஒரு தடவைதான் தவறியது. ஒரே ஆளையே எல்லாவற்றுக்கும் கேட்காதீர்கள். மைத்துனருக்கு மருத்துவமனை, மகனுக்கு உறவினர் வீடு, பக்கத்து வீட்டுக்காரருக்கு மாதம் ஒரு முறை அரிசி மண்டி. பதிலுக்கு நம்மால் ஆனதைச் செய்ய வேண்டும். பக்கத்து வீட்டுப் பையனுக்கு நான் கணக்கு சொல்லித் தருகிறேன்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. “எங்கே போகணும்னாலும் சொல்லுங்க, நாங்க இருக்கோம்” என்று சொல்லாதீர்கள். போகும்போதெல்லாம் எதற்கு என்று சொல்ல வேண்டியிருப்பதுதான் எங்களுக்குக் கஷ்டம். “சாயங்காலம் அஞ்சு மணிக்கு நான் கடைப்பக்கம் போறேன், வர்றீங்களா?” என்று கேளுங்கள். வருகிறோம், இல்லையென்றால் வரவில்லை என்கிறோம்.

பேத்தியின் பாட்டு வகுப்பு எங்கள் மருமகளிடம் போய்விட்டது. அதற்கு மாற்று கிடைக்கவில்லை. காரில் வரும்போது அன்றைய பாட்டைப் பாடிக் காட்டுவாள், அந்தப் பத்து நிமிஷம் போனது போனதுதான். எல்லா வரிக்கும் நேராக ஒரு விடை எழுத முடியாது.

சிவப்பு வட்டமிட்ட வரிக்கு மட்டும் விடை எழுதிவிட்டேன். நாங்கள் டீ குடிக்கும் கடை வேளச்சேரியில் இருந்தது. நண்பர்கள் முறை வைத்து என்னை ஏற்றிப் போவதாகச் சொன்னார்கள். வேண்டாம், கடையை மாற்றுங்கள் என்றேன். மூன்று வாரம் இழுபறிக்குப் பிறகு நங்கநல்லூர் ரோடு மெட்ரோ பக்கம் ஒரு கடைக்கு எல்லோரும் வந்தார்கள். வீட்டிலிருந்து நடந்தே போகிறேன், இருட்டும் முன் கிளம்பிவிடுகிறேன். டீ நன்றாக இருக்கிறது. பஜ்ஜி சுமார்தான், அதை வாரா வாரம் எனக்குச் சொல்லிக் காட்டுகிறார்கள்.